கால்வாய்க்குப் பெயர் தந்தவரின் வீடு

பெயருக்குப் பின்னால் – 12

தாது வருஷப் பஞ்சத்தில் பசியோடு மதராஸுக்கு வந்து சேர்ந்தவர்களைக் கொண்டு, 1877-78இல் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஐந்து மைல் கால்வாயை வெட்டிய கதையைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். மண்வெட்டி பிடித்தவர்களின் பெயரை யாரும் கால்வாய்க்கு வைக்கவில்லை. அப்போது ஆளுநராக இருந்தவரின் பட்டப் பெயரை வைத்தார்கள். இன்று பறக்கும் ரயிலின் தூண்கள் அந்தக் கால்வாய்க்குள்தான் இறங்கி நிற்கின்றன. மந்தைவெளியிலும் திருவான்மியூரிலும் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைக் கடப்பவர்கள், ‘பக்கிங்காம்’ என்றதும் லண்டனிலுள்ள அரண்மனையைத்தான் நினைத்துக்கொள்வார்கள். நம் ஆளுநருக்கும் அந்த அரண்மனைக்கும் சம்பந்தமில்லை. அவருடைய வீடு வேறு. அது ஸ்டோ.

அந்த வீட்டுக்குப் போகும் முன் அவருடைய முழுப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்துவிடுவோம். ரிச்சர்ட் பிளாண்டாஜெனட் கேம்பெல் டெம்பிள்-நியூஜென்ட்-பிரிட்ஜஸ்-சாண்டோஸ்-கிரென்வில். பக்கிங்காம், சாண்டோஸ் ஆகிய இரண்டு பட்டங்களுக்கும் உரிய மூன்றாவது டியூக். கடைசியில் ரயில் பெட்டிகள் மாதிரி கோத்துக் கிடக்கும் ஐந்தும் குடும்பப் பெயர்கள். டெம்பிள்தான் ஆதி. மற்றவை கல்யாணத்தின் வழியே வந்தவை. ஒவ்வொரு கல்யாணமும் ஒரு சொத்தைக் கொண்டுவந்தது. வந்த சொத்து சுவராகவும் தூணாகவும் கூரையாகவும் மாறி ஒரே வீட்டில் போய்ச் சேர்ந்தது. அதனால்தான் இந்த வீட்டைக் கட்டடமாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். அந்த நீளப் பெயரோடு சேர்த்து வாசிக்க வேண்டும்.

பக்கிங்காம்ஷயரில், பக்கிங்காம் என்ற சிற்றூரிலிருந்து வடமேற்கே மூன்று மைல் தூரத்தில் இருக்கிறது ஸ்டோ. ஊரிலிருந்து மரங்கள் இருபுறமும் நிற்க, வளையாமல் நெளியாமல் ஒரு சாலை ஒன்றரை மைல் ஏறிப் போகும். அதன் உச்சியில் கொரிந்திய பாணியில் பெரிய வளைவு ஒன்று. அந்த வளைவின் வழியே பார்க்கும்போதுதான் பள்ளத்தாக்குக்கு அப்பால் வீடு முதன்முதலாகத் தெரிகிறது. வருபவன் எந்த இடத்தில் நின்று வீட்டைப் பார்க்க வேண்டும் என்பதைக்கூட வீட்டுக்காரர்களே முடிவு செய்திருந்தார்கள். இரண்டு பக்கத்து இறகுகளையும் சேர்த்தால் சுமார் 900 அடி நீளம். நடுவிலுள்ள மாளிகை மட்டும் சுமார் 450 அடி.

இத்தனையும் ஆட்டு ரோமத்தில் தொடங்கியது. 16ஆம் நூற்றாண்டில் டெம்பிள் குடும்பத்தார் ஆடு வளர்த்துப் பணம் பார்த்தவர்கள். 1571இல் பீட்டர் டெம்பிள் ஸ்டோவைக் குத்தகைக்கு எடுத்தார். 1589இல் அவர் மகன் ஜான் அதை விலைக்கே வாங்கிவிட்டார். நூறு ஆண்டுகள் கழித்து, 1677க்கும் 1683க்கும் இடையில், சர் ரிச்சர்ட் டெம்பிள் இங்கே செங்கல்லில் ஒரு வீடு கட்டினார். வடிவமைத்தவர் வில்லியம் கிளியர் என்ற தச்சர். கிறிஸ்டபர் ரென் லண்டனில் செயின்ட் பால் பேராலயத்தைக் கட்டுவதற்கு முன்பு மரத்தில் பெரிய மாதிரி ஒன்றைச் செய்யச் சொன்னாரே, அதைச் செய்து கொடுத்த கைகள் இவருடையவை. ஆடம்பரமில்லாத, சீரான ஜன்னல் வரிசைகள் கொண்ட நல்ல வீடு. அந்தச் செங்கல் வீடு இன்னும் இருக்கிறது. ஆனால் வெளியிலிருந்து பார்க்க முடியாது. பின்னால் வந்தவர்கள் யாரும் அதை இடிக்கவில்லை. அதன்மேல் போர்த்திக்கொண்டே போனார்கள்.

முதலில் போர்த்தியவர் சர் ரிச்சர்டின் மகன், கோபம் பிரபு. மார்ல்பரோவின் கீழ் ஐரோப்பியப் போர்க்களங்களில் படை நடத்தியவர். 1715இல் பீர் காய்ச்சும் தொழிலில் செழித்த ஒருவரின் மகளை மணந்தார். தாராளமாகச் செலவு செய்ய அந்தக் கல்யாணம் கைகொடுத்தது. நாடகாசிரியராக இருந்து கட்டடக் கலைஞராக மாறிய ஜான் வான்ப்ரா 1720 முதல் 1726இல் தாம் இறக்கும்வரை அவருக்காக வேலை செய்தார். வடக்கு வாசலின் தூண் மண்டபம் அந்தக் காலத்தது. உள்ளே நுழைந்ததும் வரும் வடக்குக் கூடத்தின் விதானத்தை வில்லியம் கென்ட் தீட்டினார்: போர்த் தெய்வமான மார்ஸ், கோபம் பிரபுவின் கையில் வாளைக் கொடுக்கிறார். விருந்தாளி தொப்பியைக் கழற்றிவிட்டு அண்ணாந்தால், யார் வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கோபம் பிரபு வீட்டைவிடத் தோட்டத்தில்தான் அதிகமாகப் பேசினார். 1733இல் கலால் வரி மசோதாவில் பிரதமர் ராபர்ட் வால்போலை எதிர்த்ததற்காக அவருடைய படைப்பிரிவைப் பறித்துக்கொண்டார்கள். அவர் ஸ்டோவுக்குத் திரும்பித் தம் கோபத்தைக் கல்லில் கட்டினார். பழங்கால அறத்துக்கு முழுமையாக ஒரு கோயில்; பக்கத்திலேயே நிகழ்கால அறத்துக்கு ஒரு கோயில், அதை இடிபாடாகவே கட்டி, தலையில்லாத சிலை ஒன்றையும் நிறுத்தினார். சிலை யாரைக் குறிக்கிறது என்று வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஓடைக்கு எதிர்க்கரையில் நாட்டின் சான்றோர் பதினாறு பேருக்கு மார்பளவுச் சிலைகள்: ஷேக்ஸ்பியர், மில்டன், நியூட்டன், ஆல்பிரட் மன்னர் என்று. பதினாறில் ஒரே பெண், முதலாம் எலிசபெத். கோபம் பிரபுவைச் சுற்றி இளைஞர் கூட்டம் ஒன்று சேர்ந்தது. வில்லியம் பிட்டும் ஜார்ஜ் கிரென்விலும் அதில் இருந்தார்கள். இருவருமே பிற்காலத்தில் பிரதமரானவர்கள். 1741இல் தலைமைத் தோட்டக்காரராக வேலைக்குச் சேர்ந்த 25 வயதுக்காரர் லான்சலட் பிரவுன், பத்தாண்டு இங்கே கற்றதை எடுத்துக்கொண்டு வெளியேறி இங்கிலாந்தின் நிலத்தோற்றத்தையே மாற்றினார். தோட்டத்துக்கு மட்டும் தனி அத்தியாயம் எழுதலாம். இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. இந்த இடத்தில் ஸ்டோ என்ற கிராமமும் இருந்தது. தோட்டம் விரிய விரியக் கிராமம் அகன்றது. மக்கள் டாட்போர்ட் பக்கம் போனார்கள். மரங்களுக்கு நடுவே மறைந்து நிற்கும் ஊர்த் தேவாலயம் மட்டும்தான் மிச்சம்.

கோபம் பிரபுவுக்குப் பிள்ளை இல்லை. 1749இல் சகோதரி ஹெஸ்டரின் வழியில் சொத்து கிரென்வில் குடும்பத்துக்குப் போனது. நீளப் பெயரின் கடைசிப் பெட்டி இப்படித்தான் முதலில் கோக்கப்பட்டது. ஹெஸ்டரின் மகன் எர்ல் டெம்பிள் காலத்தில்தான் வீட்டுக்கு அதன் புகழ்பெற்ற தெற்கு முகம் வந்தது.

தெற்கு முகத்துக்கு 1771இல் வரைபடம் கொடுத்தவர் ராபர்ட் ஆடம். அந்த நாளில் அவரைவிடப் பெரிய பெயர் கிடையாது. ஆனால் கட்டியது அவர் வரைந்தபடி அல்ல. எர்லின் உறவினர் தாமஸ் பிட், தொழில்முறைக் கட்டடக் கலைஞர் அல்லர், ஆர்வத்தால் கற்றவர். அவர்தான் ஆடமின் வரைபடத்தை எடுத்து எளிமையாக்கினார். சன்னலுக்கு ஓர் அலங்காரம், மூலைக்கு ஓர் அலங்காரம் என்று சிதறியிருந்ததை நீக்கி, பெரிய பெரிய பகுதிகளாகத் திரட்டினார். நடுவில் ஆறு கொரிந்தியத் தூண்கள், அவற்றுக்கு ஏறிப்போக அகலமான 33 படிகள். இருபுறமும் தாழ்ந்து அடங்கும் இணைப்புப் பகுதிகள். இரண்டு கோடியிலும் மறுபடி எழும் மண்டபங்கள். எழுந்து, அமர்ந்து, மறுபடி எழும் அந்த லயம்தான் தெற்கு முகத்தின் உயிர். 450 அடிச் சுவரைக் கண் சலிக்காமல் பார்க்க வைப்பது எளிதல்ல. அதைச் சாதித்தது அமெச்சூர் ஒருவரின் கை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

அந்தத் தாமஸ் பிட் யார்? 1698 முதல் 1709வரை புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்து, கொல்லூர்ச் சுரங்கத்து வைரத்தை மதராஸில் வாங்கி, பின்னர் பிரான்சின் அரசுக் காப்பாளருக்கு விற்றுப் பெரும் பணக்காரரானாரே ‘வைர’ பிட், அவருடைய கொள்ளுப்பேரன். பெயரும் அதே பெயர். ஸ்டோவின் தெற்கு முகத்தை மாற்றி வரைந்தவர் ஒரு மதராஸ் ஆளுநரின் கொள்ளுப்பேரன்; நூறு ஆண்டு கழித்து அந்த வீட்டிலிருந்து புறப்பட்டு வந்தவர் இன்னொரு மதராஸ் ஆளுநர்.

தோட்டத்தில் ஒரு கோயிலையும் இங்கேயே பார்த்துவிடலாம். கிரேக்கப் பள்ளத்தாக்கின் தலைமாட்டில், நாற்புறமும் 28 அயோனியத் தூண்கள் சூழ நிற்கும் நீள்சதுரக் கோயில். ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்ததும் எர்ல் டெம்பிள் அதற்கு ‘இணக்கமும் வெற்றியும்’ என்று பெயர் மாற்றினார். அந்தப் போரை நடத்திய வில்லியம் பிட் அவருடைய தங்கை கணவர். உட்சுவரில் வெற்றிகளுக்கான வட்டச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. கியூபெக், மான்ட்ரியல், ஹவானா, மணிலா. அவற்றோடு ஒன்று, பாண்டிச்சேரி. 1761இல் அயர் கூட் பட்டினி போட்டுப் பணியவைத்து, பின்பு மதிலும் மாளிகையும் தரைமட்டமாக்கப்பட்ட நம் பாண்டிச்சேரிதான். இந்தக் கோயிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் வருவோம்.

எர்ல் டெம்பிள் 1779இல் வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டு இறந்தார். அடுத்து வந்த தம்பி மகன் ஜார்ஜ், அயர்லாந்தின் செல்வக் குடும்பமான நியூஜென்டில் பெண் எடுத்தவர். 1784இல் பக்கிங்காம் மார்க்விஸ் ஆனார். அரசுக் கருவூலத்தில் அவருக்குச் சிறுவயதிலேயே ஒரு பதவி வாங்கித் தந்திருந்தார்கள். வேலை எதுவும் செய்ய வேண்டாம். கருவூலத்தின் வழியாகப் போகும் பணத்தில் பங்கு உண்டு. நெப்போலியனோடு போர் மூண்டு அரசின் செலவு ஏற ஏற, அவருடைய பங்கும் ஏறி, ஆண்டுக்கு 20,000 பவுண்டைத் தாண்டியது. நாடு போருக்குக் கொடுத்த வரி இப்படியும் ஒரு வழியாக ஸ்டோவுக்குள் வந்தது.

அவர் காலத்தில் முடிந்ததுதான் வீட்டின் நடுநாயகமான பளிங்குக் கூடம். தெற்குப் படிகளில் ஏறித் தூண் மண்டபத்தைக் கடந்தால் நேராக அதற்குள்தான் நுழைவோம். 63 அடி நீளம், 45 அடி அகலம், 56 அடிக்கு மேல் உயரம். ரோமாபுரியின் பாந்தியன் கோயிலை மனத்தில் வைத்து, அதன் வட்டத்தை நீள்வட்டமாக இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். வின்சென்சோ வால்த்ரே என்ற இத்தாலிய ஓவியரின் வடிவமைப்பு. 1775இல் தொடங்கி 1788இல் முடிந்தது. செலவு 12,000 பவுண்டு.

உள்ளே நின்று கண்ணைக் கீழிருந்து மேலே கொண்டுபோவோம். தரை, கராராவின் வெள்ளைப் பளிங்கு. ஒவ்வொரு பலகையும் நான்கடிக்கு நான்கடிச் சதுரம். சுவரை ஒட்டிப் பதினாறு தூண்கள், செம்மையும் வெண்மையும் நரம்போடிய சிசிலிக் கல்போல் தெரிபவை. தொட்டுப் பார்த்தால்தான் தெரியும், கல் அல்ல. கல்லுக்குரிய குளிர்ச்சி இருக்காது. ஸ்காலியோலா என்று இத்தாலியர் சொல்லும் சுதை வேலை அது. ஜிப்சத்தைச் சுட்டுப் பொடியாக்கிப் பசைத் தண்ணீரில் பிசைகிறார்கள். வண்ணத்தைத் தனித்தனி உருண்டையாகக் கலந்து, உருண்டைகளை அடுக்கிக் கத்தியால் நறுக்கினால் பளிங்கின் நரம்புகள் வந்துவிடும். அதைத் தூண்மேல் அப்பி, காய்ந்ததும் கல்லால் தேய்த்துத் தேய்த்து எண்ணெய் கொடுத்து மெருகேற்ற வேண்டும். தொமெனிகோ பார்த்தோலி இதை இங்கே செய்தார். போலி என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. சுரங்கத்தில் வெட்டி எடுப்பதைவிட இதில்தான் கைவேலை அதிகம்.

தூண்களுக்கு மேலே கூடத்தை முழுதாகச் சுற்றிவரும் சிற்பப் பட்டையில், சார்ல்ஸ் பியார்ட் செய்த ரோமானிய வெற்றி ஊர்வலம் போகிறது. வீரர்கள், கைதிகள், கொள்ளைப் பொருள், பலிக்கு இழுத்துச் செல்லப்படும் காளை. மனித உருவம் மட்டும் 280க்கு மேல், விலங்குகள் 14. அதற்கும் மேலே குவிமாடம், 160 குழிச்சதுரங்கள். வட்டக் குவிமாடமாக இருந்தால் ஒரு வரிசைக்கு ஓர் அச்சு போதும். நீள்வட்டத்தில் வளைவு இடத்துக்கு இடம் மாறிக்கொண்டே போவதால், அடுத்தடுத்த சதுரங்கள் ஒன்றுபோல் இருக்க முடியாது. ஒவ்வொன்றையும் அளந்து அளந்துதான் வார்க்க வேண்டும். வெளிச்சம் உச்சியிலிருந்து மட்டுமே இறங்குகிறது. சுவரில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது.

இந்தக் கூடம் எதற்கு? படுக்க அல்ல, சாப்பிட அல்ல, அலுவல் பார்க்கவும் அல்ல. நுழைபவனை ஒரு கணம் வாயடைத்து நிற்க வைப்பதற்கு. அதன் இரண்டு பக்கமும் கதவுக்கு நேர் கதவாக அரச அறைகள் நீள்கின்றன: இசை அறை, வரவேற்பறை, விருந்து அறை, பெரிய நூலகம். குடும்பம் உண்மையில் புழங்கியது கீழ்த்தளத்திலும் ஓர அறைகளிலும்தான். மேல்தளம் முழுக்க வருகிறவர்களுடைய கண்ணுக்காக.

1805இல் ஜான் சோன் இந்த வீட்டுக்குள் சின்னதாக ஒரு காதிக் நூலகம் கட்டினார். பழைய சாக்சன் கையெழுத்துச் சுவடிகளை வைப்பதற்கான அறை. அந்த அறையின் விதானத்தில் குடும்பத்தின் குலச்சின்னத்தைத் தீட்டியிருக்கிறார்கள். யார் யார் வழியில் யார் யாருடைய வாரிசு என்று பெருமையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பிரித்துக் கடைசியில் 719 கட்டங்கள். நம் ஆளுநரின் நீளப் பெயரைப் படமாக வரைந்தால் இப்படித்தான் இருக்கும்.

மார்க்விஸின் மகன் சாண்டோஸ் குடும்பத்து வாரிசுப் பெண்ணை மணந்து, பிரிட்ஜஸையும் சாண்டோஸையும் பெயரில் சேர்த்துக்கொண்டார். 1822இல் டியூக் ஆனார். அந்தக் கல்யாணத்தோடு வந்த சொத்தில் ஜமைக்காவின் ஹோப் தோட்டமும் ஒன்று. அங்கே கரும்பு வெட்டியவர்கள் அடிமைகள். அவருடைய மகன், இரண்டாவது டியூக், நாடாளுமன்றத்தில் அடிமை ஒழிப்பை எதிர்த்த தோட்ட முதலாளிகளின் தலைவர்களில் ஒருவர். ஒழிப்புச் சட்டம் வந்தபோது நஷ்டஈடு வாங்கியதும் அந்தக் குடும்பம்தான்; தோட்டத்தில் உழைத்தவர்களுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. ஸ்டோவின் அழகைப் பற்றி எழுதும் எவரும் இந்தக் கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டாவது டியூக்குக்குக் கையில் பணம் நிற்காது. கடன்மேல் கடன் வாங்கி நிலம் வாங்கினார். நிலத்தின் வரும்படி வட்டிக்கே போதவில்லை. அப்படியிருந்தும் 1845 ஜனவரியில் விக்டோரியா அரசியார் தங்க வருகிறார் என்றதும் அரச அறைகளைப் புதிதாக அலங்கரித்தார். மூன்று ஆண்டு தாங்கவில்லை. 10 லட்சம் பவுண்டுக்கு மேல் கடனோடு வீடு திவாலானது. 1848 ஆகஸ்டில் கிறிஸ்டீஸ் நிறுவனத்தார் ஏலத்தைத் தொடங்கினார்கள். நாற்பது நாள். மேசை, வெள்ளிப் பாத்திரம், திரைச்சீலை, சீனப் பீங்கான், ஓவியம் என்று ஒவ்வொன்றாகக் கூவி விற்றார்கள். ஷேக்ஸ்பியரின் உருவம் என்று உலகம் இன்று அறிந்துள்ள ‘சாண்டோஸ்’ ஓவியம் 355 கினிக்குப் போனது. எட்டு ஆண்டு கழித்து லண்டனில் தேசிய உருவப்படக் காட்சியகம் அமைந்தபோது, அதற்கு வந்த முதல் ஓவியம் அதுதான். நாற்பது நாள் விற்றும் சேர்ந்தது 75,562 பவுண்டு. கடன்மலையில் ஒரு கூடை மண்.

ஏலம் தொடங்கியபோது டியூக்கின் மகனுக்கு 25 வயது நிரம்பவில்லை. அப்பாவிடமிருந்து நிர்வாகத்தைக் கையெழுத்து வாங்கிப் பிடுங்கிக்கொண்டு, மிஞ்சியதைக் காப்பாற்ற இறங்கிய அந்த இளைஞர்தான் நம் ஆளுநர். பிறகு ரயில்வேயில் உழைத்தார். லண்டன்-வடமேற்கு ரயில்வே கம்பெனியின் தலைவராக எட்டு ஆண்டு இருந்தார். 1861இல் தகப்பனார் இறந்து டியூக் ஆனதும், பூட்டிக் கிடந்த ஸ்டோவைத் திறந்து குடியேறினார். வெறும் சுவர்கள் வரவேற்றிருக்கும். காலனிகளுக்கான அமைச்சராக இருந்தார். தம் நிலத்தின் ஊடே சொந்தமாக ஒரு டிராம் தடமும் போட்டார். 1874இல் மனைவி இறந்தார். மறு ஆண்டு மூன்று பெண்களின் தகப்பனாக, 52 வயதில், மதராஸில் வந்து இறங்கினார். பெரம்பூரில் எழுந்த பக்கிங்காம் ஆலையும் அவர் காலத்துப் பெயரைத்தான் தாங்கியது. பஞ்ச காலத்தில் அவர் செய்ததையும் செய்யத் தவறியதையும் சென்ற அத்தியாயத்தில் பேசியாகிவிட்டது. 1880இல் ஊர் திரும்பினார்; 1889இல் காலமானார். ஆண் வாரிசு இல்லாததால் டியூக் பட்டம் அவரோடு முடிந்தது.

அதற்குப் பிறகு வீட்டின் கதை வேகமாக இறங்குகிறது. மூத்த மகள் கின்லாஸ் சீமாட்டியார் வீட்டை வாடகைக்கு விட்டார். பிரான்சின் அரியணைக்கு உரிமை கோரி நாடு கடத்தப்பட்டிருந்த பாரிஸ் கோமகன் அதில் வசித்து, 1894இல் அங்கேயே இறந்தார். முதல் உலகப் போர் தொடங்கிய 1914ஆம் ஆண்டிலேயே சீமாட்டியாரின் மூத்த மகன் களத்தில் மாண்டார். 1921இல் ஸ்டோ 50,000 பவுண்டுக்கு விற்கப்பட்டது. மறு ஆண்டு இன்னோர் ஏலம். இந்த முறை தோட்டத்துச் சிலைகளும் போயின. தெற்குப் படிகளின் இரண்டு பக்கமும் காவல் நின்ற ஈயச் சிங்கங்கள் பிளாக்பூல் நகரின் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த ஆண்டுகளில் இங்கிலாந்து முழுவதும் பெரிய வீடுகளை வாங்கியவர்கள், கூரையின் ஈயத்தையும் கதவு நிலைகளையும் பிரித்து விற்றுவிட்டு மிச்சத்தை இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஸ்டோவுக்கும் அதுதான் காத்திருந்தது.

ஆனால் கடைசியில் வாங்கியது ஒரு பள்ளிக்கூடம். 1923 மே 11ஆம் தேதி, 99 பையன்களோடு ஸ்டோ பள்ளி திறந்தது. தலைமையாசிரியர் ஜே. எஃப். ராக்ஸ்பரோவுக்கு 35 வயது. இங்கே படித்துப் போகிற பையன் வாழ்நாள் முழுக்க அழகைக் கண்டால் இனங்காணத் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்று விரும்பியவர். 1949வரை அவரே தலைமையாசிரியர். கட்டடங்களைப் பார்த்துக்கொள்ள வந்த கிளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸ், பள்ளி திறப்பதற்கு முன்பே ஒரு காரியம் செய்திருந்தார். பக்கிங்காமிலிருந்து ஏறிவரும் அந்த நேர்சாலை துண்டு துண்டாக விலைக்குப் போகவிருந்தபோது, கைப்பணத்தைப் போட்டு வாங்கி வைத்துக்கொண்டார். இல்லையென்றால் அந்த மரங்கள் நின்ற இடத்தில் இன்று வரிசை வீடுகள் இருந்திருக்கும்.

வீடு பள்ளிக்குப் பொருந்தியதற்கு அதன் அமைப்பே காரணம் என்று நினைக்கிறேன். குடும்பம் வாழ்வதற்கு அந்த அரச அறைகள் ஒருபோதும் ஒத்துவந்ததில்லை. அவை கூட்டத்துக்காகக் கட்டியவை. விருந்து அறையில் மறுபடி பந்தி நடந்தது, நூறு பேர் உட்கார்ந்து. நூலகம் நூலகமாகவே திரும்பியது. பளிங்குக் கூடத்தில் கூட்டம் கூடினார்கள். நீண்ட இறகுகளில் வேலையாட்களும் குதிரைகளும் இருந்த இடங்கள் விடுதிக்கும் வகுப்புக்கும் ஆயின. சோன் கட்டிய காதிக் நூலகம் தலைமையாசிரியரின் அறை. தப்பு செய்த மாணவன் 719 குலச்சின்னங்களுக்குக் கீழேதான் போய் நிற்க வேண்டும். நடிகர் டேவிட் நிவென் ஆரம்ப ஆண்டுகளில் இங்கே படித்தவர். ஆர்தர் மன்னர் கதைகளைப் புதிதாக எழுதிய டி. எச். ஒயிட் இங்கே ஆங்கில ஆசிரியராக இருந்தார்.

விடுதிகளுக்குப் பெயர் வைத்தபோது குடும்பத்தின் பெயரையே எடுத்தார்கள். டெம்பிள் விடுதி, கிரென்வில் விடுதி, சாண்டோஸ் விடுதி, கோபம் விடுதி. 1974இல் பெண்பிள்ளைகள் மேல்வகுப்புகளில் சேர்ந்த பிறகு வந்த விடுதிகளில் ஒன்றுக்கு நியூஜென்ட். நம் ஆளுநரின் பெயரில் கோத்துக் கிடந்த ஐந்து பெட்டிகளில் நான்கு இன்று பிள்ளைகள் படுத்துத் தூங்கும் இடங்களின் பெயர். பிரிட்ஜஸ் மட்டும் விடுபட்டுப்போனது.

இவ்வளவு பெரிய கூரையைப் பள்ளிக் கட்டணத்தில் காப்பது கஷ்டம். ஈயத் தகடு ஓரிடத்தில் விரிந்தால் தண்ணீர் வேறோர் அறையின் சுதையில் இறங்கும். 1989இல் தோட்டம் தேசிய அறக்கட்டளையின் பொறுப்புக்குப் போனது. வீட்டுக்கென்று 1997இல் தனிப் பாதுகாப்பு அறக்கட்டளை அமைத்தார்கள். பள்ளி அதன் குடித்தனக்காரராகத் தொடர்கிறது. வடக்கு முகம், தெற்குத் தூண் மண்டபம், பளிங்குக் கூடம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பழுது பார்த்துவருகிறார்கள். 2013இல் பிளாக்பூல் சிங்கங்களுக்கு நகல் எடுத்து, பழைய இடத்திலேயே வைத்தார்கள்.

ஆனால் பள்ளியும் இந்த இடத்தைக் காயப்படுத்தாமல் இருக்கவில்லை. பிள்ளைகள் பெருகியதும் வழிபாட்டுக்கூடம் வேண்டியிருந்தது. ராபர்ட் லோரிமர் வரைந்து கொடுத்தார். 1927இல் மேரி அரசியார் அடிக்கல் நாட்டினார். உள்ளே நிறுத்தத் தூண்கள் வேண்டும். புதிதாகச் செதுக்கப் பணமில்லை. தோட்டத்தில் ‘இணக்கமும் வெற்றியும்’ கோயில் பாழடைந்து நின்றது, பாண்டிச்சேரியின் பெயர் பொறித்த அதே கோயில். அதன் பக்கவாட்டிலிருந்து பதினாறு தூண்களைப் பெயர்த்து வழிபாட்டுக்கூடத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தூண் போன இடத்தில் கூரை விழாமலிருக்கச் செங்கல் கட்டினார்கள். எழுபது ஆண்டுகளுக்கு அந்தக் கோயில் பொக்கைப் பற்களோடு நின்றது.

1990களில் தேசிய அறக்கட்டளை அந்தச் செங்கல்லை எடுத்தது. வழிபாட்டுக்கூடத்தைப் பிரித்துப் பழைய தூண்களை மீட்பதில்லை என்று முடிவாகி, பதினாறையும் புதுக்கல்லில் செதுக்கிக் கோயிலைச் சுற்றி நிறுத்தினார்கள். எர்ல் டெம்பிளுக்கு இருந்தது 28 தூண். இன்று கோயிலில் 28, வழிபாட்டுக்கூடத்தில் 16. பாண்டிச்சேரி வெற்றிக்குக் காவல் நின்ற அந்தப் பழைய பதினாறு தூண்களின் நடுவே இப்போது பிள்ளைகள் காலை வழிபாட்டுக்கு உட்காருகிறார்கள்.

(தொடரும்)